பக்கத்து சீட்டு

முட்டி இடிக்குதுங்களா அம்மிணி? தெரியுதுங்க. சீட்டு ரொம்ப முன்னால இருக்குது. சித்த நேரம் அப்படியே இருங்க, கீழ இருக்கற கம்பிய மட்டும் இழுத்துராதீங்க. ஏன்னு சொல்றேன். ஓட்டறதுக்கு நமக்கு முன்னால வரிசையில ஏழு வண்டி நிக்குது, வண்டிக்கு ரெண்டு நிமிசம்னு வெச்சாலும் கால் மணி நேரம் ஆகும். சொல்லி முடிச்சர்றேன்.

என்ர பேரு நட்ராயன்னு காயிதத்துல பாத்திருப்பீங்க. சூலூருங்க. பம்பு கம்பெனில இருபத்தெட்டு வருசம் செக்கிங்ல இருந்தேன். ஒரு பம்பு பொட்டிக்குள்ள போகோணும்னா என்ர கண்ணத் தாண்டித்தான் போகோணும். சித்திரையில ஆளக் கொறச்சாங்க, வீட்டுக்கு வந்துட்டேன். வருத்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எனக்கு ஒண்ணும் தோணலை. மறுநா வெடியால ஆறு மணிக்கு எந்திரிச்சு, கம்பெனிச் சட்டையப் போட்டுட்டு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன், அவ்வளவுதான். சாந்தாமணி பாத்தா. காப்பி மறுக்கா ஒண்ணு வெச்சுக் குடுத்தா.

சாந்தாமணி என்ர வீட்டுக்காரிங்க. கொழந்தை குட்டி இல்லை, நாங்க ரெண்டே பேருதான். இப்ப அவ தாராபுரத்துப் பக்கம் அவங்கண்ணன் வீட்டுல இருக்கறா. ஆடியில போனவ, இப்பத் தை வந்திருச்சு. இன்னைக்குப் பதினொரு மணிக்கு அங்க பேச்சு வெச்சிருக்காங்க. ரெண்டு பக்கமும் நாலு பேரு உக்காந்து, சேந்து இருக்கறதா, முடிச்சுக்கறதான்னு கேக்கறதாம். நீங்க வரலைன்னா முடிஞ்சுதுன்னு எடுத்துக்குவோம்னு மச்சான் ரத்தினசாமி போன்ல சொல்லீட்டாரு.

மணி என்னங்க உங்க வாட்சுல? ஒம்போதே முக்காலா. செரி. இங்கீருந்து அறுபது கிலோமீட்டருங்க. மொத ஆளா ஏழு மணிக்கு ஓட்டிட்டு எட்டரைக்குக் கெளம்பிரலாம்னுதான் இருந்தேன். பக்கத்து சீட்டு இல்லைன்னு நீங்க திருப்பி விட்டுட்டீங்க. உங்களக் கொறை சொல்லலீங்க. செக்கிங்னா அப்படித்தான் இருக்கோணும். புதுசா வர்றவன் பக்கத்துல உங்கள மாதிரி சொல்லிக் குடுக்கற ஆளு உக்காரோணும், அதுக்கு சீட்டு வேணும், அத மொத நாளே எழுதிப் போட்டிருந்தீங்க, நான் படிக்கலை. நானா இருந்தாலும் திருப்பித்தான் விட்டிருப்பேன்.

இந்தக் காரு பதினோரு வருசமா எங்ககிட்ட இருக்குதுங்க. கோயிலுக்குப் போவோம், ஒரம்பரை, சொந்தக்காரங்க வீட்டுக்குப் போவோம். அம்பதத் தாண்டி ஓட்டினதில்லை. வேலை போனப்புறமேட்டுக்கு போன்ல வீடியோ பாத்துட்டே இருப்பேன். அதுல ஒருத்தன் சும்மா ரோட்டுல ஓட்டற காரக் கொண்டாந்து, இந்த மாதிரி கோன் வெச்ச எடத்துல வளைச்சு வளைச்சு ஓட்டறான். ஆட்டோகிராஸுன்னான். பந்தயக்காரு வேண்டாம், உங்க வீட்டுக் காரே போதும், கொஞ்சம் தயார் பண்ணிக்கிட்டா செரின்னான். தயார் பண்றதுங்கற வார்த்தை எனக்குப் புடிச்சுப்போச்சுங்க. இருபத்தெட்டு வருசம் அதத்தான பண்ணீட்டு இருந்தேன்.

நீங்க சொல்றது செரிதான், மொத நாளைக்கு இவ்வளவு வேண்டியதில்லை. பிரேக்கு, டயரு, ஒரு நல்ல ஹெல்மெட், வண்டிக்குள்ள உருள்ற சாமானம் எதுவும் இல்லாம இருக்கோணும், அது போதும். வெடியால நீங்க குனிஞ்சு பாத்துட்டுச் சிரிச்சீங்களே, எல்லா போல்ட்டு மேலயும் என்னங்க மஞ்சக் கோடுன்னு. அது எங்க கம்பெனிப் பழக்கமுங்க. போல்ட்ட முறுக்கி முடிச்சதும் அதுமேல ஆரம்பிச்சு உக்கார்ற எடம் வரைக்கும் ஒரே கோடாப் பெயிண்ட்டு பேனாவுல இழுத்துருவோம். ஒரு மயிரிழை கழண்டாலும் கோடு விலகி நிக்கும், தொடாமயே கண்டுபிடிச்சரலாம். நாலு சக்கரத்துக்கும் சேத்துப் பதினாறு, பேட்டரிக்கு ரெண்டு, எல்லாத்துக்கும் போட்டேன். நாள் தவறாம வெடியால ஒருக்கா சுத்தி வந்து பாப்பேன்.

சாந்தாமணி வாசக் கூட்டீட்டே ஒருநா சொன்னா, "நானும் தானுங்க நாளுக்கு நாள் கழண்டுட்டு வர்றேன், எம்மேலயும் ஒரு கோடு போட்டு வெயுங்க"ன்னு. அவ அப்படித்தான் ஏதாச்சும் சொல்லுவா. நான் சிரிச்சேன். நல்லாத்தான இருக்குது, பதினாறு போல்ட்டுல ஒண்ணுகூட விலகலைன்னேன்.

ஒரு வண்டி போயிருச்சு. இருங்க, நானும் முன்னால நகத்திக்கறேன். கிளட்ச்ச மெதுவா விடோணும், அதுதானுங்க? செரி.

ஆனி கடைசியில பிரேக் ஆயில் மாத்தலாம்னு புடிச்சேன். பழைய ஆயில் சூடேறினா பெடலு உள்ள போயிரும்னு வீடியோவுல சொன்னான். புது டப்பா வாங்கியாந்து மூடியத் தொறந்தாச்சு, பழச உறிஞ்சி எடுத்தாச்சு. அப்பத்தான் போன் வருது, மாமியா தவறிட்டாங்கன்னு. சாந்தாமணியோட அம்மா. படுக்கையில எல்லாம் இல்லீங்க, முந்தின நா பொழுதோடகூட மககிட்டப் பேசியிருக்காங்க, முருங்கை பூவெடுத்திருக்குது, வந்தா பறிச்சுட்டுப் போன்னு.

காரு பிரேக் இல்லாம நிக்குது, என்ன பண்றது? பஸ்லதான் போனோம். பல்லடத்துல எறங்கி மாறி, அங்க எறங்கி ஒரு மைல் நடந்து. மருமகன் கார்ல வருவான்னு எல்லாரும் ரோட்டையே பாத்துட்டு இருந்திருக்காங்க. எடுக்கறதுக்கு முன்னால போய்ச் சேந்துட்டோமுங்க. பாடையில வெச்சிருந்தாங்க, ஆனா தூக்கலை. அவ முகத்தப் பாத்துட்டா. பாக்கலைன்னு சொல்ல முடியாது. மச்சான் இன்னைக்கு வரைக்கும் அதச் சொல்லிக் காட்டறாரு. நான் என்னங்க பண்ணுவேன், சாவு சொல்லீட்டா வருது?

மூணாம் நா பால் தெளிச்சதும் அவளக் கூட்டீட்டு வந்துட்டேன். பதினாறாம் நா காரியம் முடிய மக அங்கதான் இருப்பா, எங்க பக்கம் வழக்கம் அதுதான், எனக்கும் தெரியும். ஆனா பிரேக் ஆயில் டப்பாவத் தொறந்தா வெச்சுக்கக் கூடாதுங்களே. காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், அப்புறம் அந்த ஆயில் ஆகாது. ஏற்கெனவே மூணு நாள் ஆயிருச்சு. அதுவுமில்லாம பிரேக்குல காத்து எடுக்கறதுக்கு ரெண்டு ஆளு வேணும். ஒருத்தர் உள்ள உக்காந்து பெடல அழுத்தோணும், ஒருத்தர் சக்கரத்துக்கிட்டப் படுத்துட்டு, காத்து வெளிய போற மொளையத் தொறந்து மூடோணும். அங்க ஒப்பாரி வெக்கறதுக்கு ஆளு நெறைய இருந்தாங்க. இங்க பெடல் மிதிக்க எனக்கு யாரு இருக்கறாங்க?

அவ பஸ்ல சன்னலோரம் உக்காந்துட்டு வந்தா. வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணி ஊத்தீட்டு ஈரத் தலையோடவே கார்ல வந்து உக்காந்தா. அவளுக்கு ஓட்டத் தெரியாது. அந்தப் பக்கத்து சீட்டு, நீங்க உக்காந்திருக்கறது, அதுதான் அவ எடம். குட்டையா இருப்பாளுங்க. ரோடு தெரியோணும்னு சீட்ட முன்னால இழுத்து விட்டுட்டு, செருப்பக் கழட்டிட்டு, காலு ரெண்டையும் முன்னால பலகை மேல முட்டுக் குடுத்துட்டு வருவா. பதினோரு வருசமா அந்த சீட்டு கீழ தண்டவாளத்துல அதே பல்லுலதான் நின்னுச்சு. அன்னைக்குத்தான் மொத தடவையா டிரைவர் சீட்டுல, நான் இப்ப உக்காந்திருக்கற எடத்துல உக்காந்தா.

நான் கீழ படுத்துட்டு "அழுத்து"ம்பேன், அழுத்துவா. மொளையத் தொறப்பேன், மூடுவேன். "விடு"ம்பேன், விடுவா. பின்னால ரெண்டு சக்கரம், முன்னால இடது பக்கம், எல்லாம் சுத்தமா முடிஞ்சது. நல்லாச் செஞ்சா. கம்பெனில இருந்த பசங்களவிட நல்லாச் செஞ்சா. கடைசியா இந்தப் பக்கத்து சக்கரம். "அழுத்து"ன்னேன். அழுத்தினா. தொறந்து மூடீட்டு "விடு"ன்னேன். விடலை. மறுக்கா சத்தமா "விடு புள்ள"ன்னேன். விடலை. எந்திரிச்சு வந்து பாத்தா ஸ்டியரிங் மேல தலைய வெச்சுட்டு இருக்கறா. முகம் தெரியலை. தலைமயித்துலீருந்து தண்ணி சொட்டுது. காலு மட்டும் பெடலு மேல அப்படியே ஊனி இருக்குது.

நான் குனிஞ்சு பெடலப் பாத்தேன். கல்லு மாதிரி நிக்குது. ஒரு நூலு எறங்கலை. அப்படின்னா உள்ள துளிக் காத்து இல்லைன்னு அர்த்தமுங்க. எனக்குச் சந்தோசம் தாங்கலை. "அப்படியே புடி, அப்படியே புடி, எறங்குதான்னு பாக்கலாம்"னு சொல்லீட்டு வாட்சப் பாத்து நின்னேன். முழுசா ரெண்டு நிமிசம். எறங்கவே இல்லை.

அவ்வளவுதானுங்க நடந்தது. பேச்சு வெக்கற அளவுக்கு நான் அவள அடிச்சனா, வஞ்சனா? ஒரு கெட்ட பழக்கம் உண்டுங்களா? நீங்களே சொல்லுங்க.

நகந்துட்டாங்க. இருங்க. இப்ப நாலு வண்டிதான்.

பதினாறாம் நா காரியத்துக்குப் போனவதான், அங்கயே இருந்துட்டா. நானும் கொஞ்சநா இருந்துட்டு வரட்டும்னு விட்டுட்டேன். சோறு நானே ஆக்கிக்குவேன். வீடு அமைதியா இருந்துச்சு, வேலை வெசையா நடந்துச்சு. ஆவணியில பின்சீட்டக் கழட்டினேன். ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி எல்லாம் எடுத்தேன். கண்ணாடிக்கு முன்னால அவ ஒட்டி வெச்ச சின்ன முருகர் சிலை ஒண்ணு இருந்துச்சு, வளையும்போது எகிறி அடிச்சரும், அதையும் பேத்து எடுத்து சாமி ரூம்புல வெச்சேன். புரட்டாசியில இந்த சீட்டு. பதினாலு கிலோ இருக்குதுங்க, தராசுல வெச்சே பாத்தேன். எடை கொறஞ்சா வண்டி வளையும்னான். கழட்டின சீட்டத் துணி சுத்திப் பரண் மேல வெச்சேன். நாலு ஓட்டைக்கும் துரு ஏறாம எண்ணெய் விட்டேன். தனியாத்தான் செஞ்சேன். அந்த ஆறு மாசத்துல எனக்குச் சங்கடமா இருந்துச்சான்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்லோணும். நல்லா இருந்துச்சான்னு கேட்டா அதுவும் இல்லை. மரத்துப்போன கால்ல கிள்ளினா எப்படித் தெரியும், அப்படித்தான்.

ஐப்பசியில ஒருநா அவளே போன் பண்ணினா. "ஏனுங்க, சிங்காநல்லூரு பஸ் ஸ்டாண்டுல எறங்கியிருக்கறேன். மழை பேயுது. பையி ரெண்டு இருக்குது. வண்டி எடுத்துட்டு வாங்க"ன்னு. சும்மா நேத்துப் போயிட்டு இன்னைக்கு வந்தவ மாதிரி சொன்னா. நானும் அதே மாதிரி "வர்றேன்"னு சொல்லீட்டு எடுத்துட்டுப் போனேன். வழியில எனக்கு நெனப்பெல்லாம் என்னன்னா, ஈர ரோட்டுல டயரு எப்படிப் புடிக்குதுன்னு. அருமையாப் புடிச்சுதுங்க.

பஸ் ஸ்டாண்டு வாசல்ல கூரைக்கடியில நின்னா. எளைச்சிருந்தா. என்னையப் பாத்ததும் சிரிச்சா. ஓடியாந்து கதவத் தொறந்தா. தொறந்தவ அப்படியே நின்னுட்டா. உள்ள வெறுந் தகரம், நாலு ஓட்டை. பின்னால எட்டிப் பாத்தா, அங்கயும் தகரம். மழை முதுகு மேல பேயுது, பாத்துட்டே நிக்கறா.

"நான் எங்க உக்கார்றதுங்க?"ன்னு கேட்டா.

எனக்கு அப்பத்தான் ஞாபகமே வருது. "அட, நாலே நாலு போல்ட்டு புள்ள. நீ இங்கயே ஒரு மணி நேரம் உக்காந்திரு, நான் வீட்டுக்குப் போயி மாட்டிட்டு வந்தர்றேன்"னேன்.

"கழட்டும்போது நான் வருவேன்னு தோணலீங்களா?"ன்னா.

நான் உண்மையத்தான் சொன்னனுங்க. "அது பதினாலு கிலோ சாந்தாமணி"ன்னேன்.

அவ கையில இருந்த மஞ்சப்பைய எடுத்து, சீட்டு இருந்த எடத்துல தகரத்து மேல வெச்சா. முருங்கக்காயி. அவங்கம்மா வெச்ச மரத்துக் காயி. இன்னொரு பைய அவளே வெச்சுக்கிட்டா. கதவ மெதுவாச் சாத்தினா, அடிச்சுச் சாத்தலை. தாராபுரம் பஸ்ஸு அந்தாண்ட நின்னுச்சு, நடந்துபோயி ஏறிக்கிட்டா. நான் ஹார்ன் அடிச்சேன். ஒரு மணி நேரம்தான, அதுக்கு என்ன அவசரம்னு எனக்குப் புரியலை. வீடு வர்ற வரைக்கும் அந்த முருங்கக்காயி ஒவ்வொரு வளைவுக்கும் இக்கட்டயும் அக்கட்டயும் உருண்டுட்டே வந்துச்சு. வண்டிக்குள்ள உருள்ற சாமானம் வெக்கவே கூடாதுங்க. மூணு நாள் கொழம்பு வெச்சேன். காயி நல்லாத்தான் இருந்துச்சு, வாயில தின்ன ருசி ஒண்ணும் தெரியலை.

சீட்ட அன்னைக்கே எறக்கினேன், எறக்கலைன்னு நெனக்காதீங்க. வாசல் வரைக்கும் கொண்டாந்தேன். அப்புறம் அவதான் போயிட்டாளே, எதுக்கு மாட்டிக் கழட்டிட்டு, போல்ட்டு மறை தேஞ்சு போகும்னு மறுக்கா பரண்ல ஏத்தீட்டேன். இன்னைக்கு வெடியால நீங்க திருப்பி விட்டப்பத்தான் வீட்டுக்கு ஓடிப்போயி எடுத்தாந்தேன். மாட்டறப்ப நீங்களும் பக்கத்துல நின்னீங்கல்லீங்க. எத்தனை நேரம் ஆச்சு? எட்டு நிமிசம்னு நீங்கதான் சொன்னீங்க, இந்த மாதிரி வெசையா யாரும் மாட்டிப் பாத்ததில்லைன்னு. எட்டு நிமிசம். நான் அவகிட்ட ஒரு மணி நேரம்னு சொல்லீட்டேன். போறது வர்றதெல்லாம் சேத்துச் சொன்னேன்.

இன்னும் ரெண்டு வண்டி. மணி என்னங்க? பத்தாகப் போகுதா. இப்பவே திருப்பிக்கிட்டுப் போனாப் போய்ச் சேந்தரலாம். என்ர போனை வாங்கிப் பொட்டியில போட்டுட்டாங்க, உருள்ற சாமானம்னு, இல்லைன்னா மச்சானுக்கு வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். இல்லீங்க, நீங்க ஒண்ணும் பேசாதீங்க. ஆறு மாசம் தயார் பண்ணியிருக்கறேன், ஒரு சுத்தாச்சும் ஓட்டாம எப்படிப் போறது? ஓட்டிட்டுப் போறேன். வெசையா ஓட்டத்தான கத்துக் குடுக்கறீங்க, போய்ச் சேந்தர மாட்டனா?

செரி, ஹெல்மெட்டப் போடறதுக்கு முன்னால சீட்ட வேணும்னா தள்ளிக்குங்க. இப்படி முட்டிய மடக்கிட்டு நீங்க எப்படி வருவீங்க. ஒரு நிமிசம். தள்ளறதுக்கு முன்னால ஒரு நிமிசம் இருங்க, பாக்கெட்ல பேனா இருக்குது. இந்த இடுக்குல கைய விட்டுக்கறேன். தண்டவாளத்து மேல இப்ப சீட்டு எங்க நிக்குதோ அங்க ஒரு கோடு. அவ்வளவுதான். காஞ்சிரும். இந்த எடம் தெரியாமப் போயிரக் கூடாது பாருங்க. அப்புறம் நான் எதப் பாத்து வெக்கறது? இப்பத் தள்ளிக்குங்க.

ஒண்ணு. ரெண்டு. மூணு பல்லு. இவ்வளவு தூரமுங்களா? அவ அவ்வளவு கிட்டயா உக்காந்திருந்தா?

ஒண்ணுமில்லீங்க. கண்ணுல ஹெல்மெட்டுப் பஞ்சு பட்டிருச்சு. நம்ம முறை வந்திருச்சு, கோட்டுக்கு வந்துட்டோம். நீங்க எதுவும் விளக்கம் சொல்ல வேண்டாம் அம்மிணி, எனக்கு ஓடறப்ப மண்டையில ஏறாது. அழுத்தோணும்னா அழுத்துன்னு சொல்லுங்க, விடோணும்னா விடுன்னு சொல்லுங்க. அது போதும், அது எனக்குத் தெரியும்.

கொடி காட்டிட்டாங்களா? பாத்தேன், பாத்தேன். பின்னால ஹார்ன் அடிக்கறது கேக்குதுங்க. காலு பிரேக்கு மேலதான் இருக்குது. விடுன்னு நீங்க சொன்னதும் கேட்டுச்சு. விடறேன்.

விடறேனுங்க. கேக்குதுங்க, நீங்க மூணாவது தடவை சொல்றீங்க. பெடலு கல்லு மாதிரி நிக்குது, ஒரு நூலு எறங்கலை. எடுக்கோணும்னுதான் பாக்கறேன், காலு வர மாட்டேங்குது. தலைய இந்த ஸ்டியரிங் மேல ஒரு நிமிசம் வெச்சுக்கறேன். அம்மிணி, அன்னைக்கு அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமுங்களா? நான் வாட்சப் பாத்துட்டு நின்னேன்.